அழைத்தவர் வீட்டுப் பிள்ளை

1

செப்டம்பர் பிறந்தால் பிரான்சில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். 'ரான்த்ரே' என்று அதற்கு ஒரு தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரொட்டிக் கடைக்காரர், டாக்டர், நான் ஓட்டும் பேருந்தில் ஏறும் வயதானவர்கள் என்று எல்லோரும் அந்த ஒரு வாரம் அதைப் பற்றியே பேசுவார்கள். பாரிசை ஒட்டிய எங்கள் சின்ன ஊரில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் கூட நிற்க இடம் இருக்காது.

என் மகள் மாயாவுக்கு இந்த வருடம் ஆறாம் வகுப்பு. இங்கே அதற்குப் புதுப் பள்ளிக்கு மாறவேண்டும். முதல் நாள் என்பதால் வேலையில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவளோடு போனேன். வாசலுக்குச் சற்று முன்னாலேயே நின்று, "சா வா, பாப்பா" என்றாள். 'சா வா' என்றால் பரவாயில்லை, போதும். 'பாப்பா' என்றால் இங்கே அப்பா. நம் ஊரில் நான் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டிய சொல்லை அவள் என்னைக் கூப்பிடப் பயன்படுத்துகிறாள், என்ன செய்வது. இதற்கு மேல் வரவேண்டாம் என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

சும்மா நிற்பதற்குக் கூச்சமாக இருந்ததால் கைப்பேசியை எடுத்தேன். புதுச்சேரியிலிருந்து தங்கை வளர்மதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். கருவடிக்குப்பத்துத் தெரு ஒன்றில், தொழிற்சாலை நீலக் கோட்டு போட்ட ஒரு பெண், ஒரே சீருடையில் இருக்கும் இரண்டு சிறுமிகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாள். மூன்று பேருக்கும் முதுகுதான் தெரிகிறது. வலது பக்கச் சிறுமி தங்கையின் மகள் யாழினி. கையைப் பிடித்திருப்பவள் தங்கை இல்லை, செல்வி.

இந்தப் படத்தில் தங்கை ஏன் இல்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊரில் இருப்பவர்கள் படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

முதலில் என் பக்கத்துக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது எல்லாம் புதுச்சேரி அரசுப் பள்ளியில்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்ததால் இங்கே வந்து சேர்ந்தேன். வந்தபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டு அடுத்தவர் பேசுவதற்கு முன்னால் நகர்ந்துவிடுகிற அளவுதான்.

மாயாவை முதன்முதலில் பள்ளியில் சேர்க்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது நம் ஊர் வழக்கப்படி எல்லாவற்றையும் தயாராக எடுத்துப் போனேன். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், என் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதோடு பிளாஸ்டிக் உறை போட்ட என் சாதிச் சான்றிதழ். பள்ளியில் சேர்க்கப் போகிறவன் அது இல்லாமல் போகலாமா. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் அதை மட்டும் எடுத்துப் புரட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதைச் சொல்ல முடியவில்லை. நன்றாகப் பிரெஞ்சு தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மின்சார ரசீது. வீடு எந்தத் தெருவில் இருக்கிறதோ, அந்தத் தெருவுக்கு உரிய அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு இடம். முடிந்தது வேலை.

இதை நான் ஊரில் போய் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. டாக்டர் பிள்ளையும் குப்பை வண்டி ஓட்டுகிறவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று சொல்லும்போது, ஏதோ அந்தச் சட்டத்தை நானே எழுதினது போல ஒரு மிதப்பு வந்துவிடும்.

எங்களுக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்கள், பெரும்பாலும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். பொங்கல் விழா முடிந்து சாப்பிட்ட பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடங்களை எப்படி உருப்படச் செய்வது என்று விவாதம் தொடங்கும். இந்த வருடமும் நடந்தது. சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாற்றியது சரி என்று ஒருவர், தமிழ் போய்விடும் என்று ஒருவர். ஆசிரியர்களுக்குக் கைரேகை வருகைப் பதிவு வைத்தால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர், பிரெஞ்சை மறுபடி முதல் வகுப்பிலிருந்து கொண்டுவரவேண்டும் என்று ஒரு பழைய பட்டாளத்துக்காரர். குரல் உயர்ந்து, பாயசம் ஆறிப்போனது. கடைசியில் ஏதாவது ஒரு பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுப்பது என்று முடிவானது. என் தங்கை அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை என்பதால் அவள் பள்ளிக்கே கொடுக்கலாம் என்றார்கள்.

ஆசையாகப் போன் போட்டேன்.

"போர்டு வேணாம்ண்ணா," என்றாள் வளர்மதி. "இருக்கற போர்டு நல்லாத்தான் கீது. எதிர்ல குந்தறதுக்குப் புள்ளைங்கதான் வேணும்."

3

ஏப்ரலில் இங்கே இரண்டு வாரம் விடுமுறை. மாயாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் இப்போது ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடுகிறது. வளர்மதியின் பள்ளியில் முதல் வகுப்புக்கு ஆள் சேரவில்லை. இப்படியே போனால் ஈசிஆர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு. இணைத்தால் பிள்ளைகள் அந்த ரோட்டைத் தினமும் தாண்டவேண்டும். வேலைக்குப் போகிற தாய்மார்கள் சின்னப் பிள்ளைகளை அப்படி அனுப்ப மாட்டார்கள். கையில் இருப்பதையெல்லாம் திரட்டி, பக்கத்துத் தெரு மாடியில் நடக்கும் ஏதாவது ஒரு தனியார் பள்ளியில் போடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

அதனால் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனார்கள். வெறுங்கையோடு போகவில்லை, கல்யாணத்துக்கு அழைப்பது போலத் தாம்பூலத் தட்டோடு போனார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கல்கண்டு. பல ஊர்களில் இப்போது இப்படிச் செய்கிறார்கள். முறையாக அழைத்தால் நம் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். ஒரு நாள் மாலை வளர்மதியோடு போக வேண்டிய இன்னொரு ஆசிரியை வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டதால் துணைக்கு நான் போனேன்.

கருவடிக்குப்பத்தின் உள்ளே, ஒரே வரிசையாக ஓட்டு வீடுகள். அதில் ஒன்றில் செல்வி இருந்தாள். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை. அப்போதுதான் திரும்பியிருந்தாள், நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மகள் ஹரிணியை முதல் வகுப்பில் சேர்க்கவேண்டும். எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். வளர்மதி தட்டை நீட்டி, "நம்ம ஸ்கூல்லயே பாப்பாவ சேத்துடுங்க செல்வி. நான்தான் ஒண்ணாங் கிளாஸ். நல்லா பாத்துக்கறேன்" என்றாள்.

செல்வி தட்டைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வெத்தல பாக்கு வச்சி கூப்புடறவங்க, அவங்க வீட்டு விசேஷத்துக்குத்தான் கூப்புடுவாங்க. பந்தியில அவங்க புள்ளைங்களும் குந்தும். எம்பொண்ண கூப்புட வந்துருக்கீங்க. உங்க பொண்ணு எந்தப் பந்தியில குந்துது?"

அவள் குரலில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யாழினி அப்போது ஒரு பெரிய தனியார் பள்ளியில் யுகேஜி முடித்திருந்தாள். மஞ்சள் வேன் தினமும் காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வேன் செல்வியின் தெரு வழியாகத்தான் போகும்.

வளர்மதி நீட்டிய தட்டை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எடுக்காத தட்டைத் திருப்பிக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய அவமானம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்குப் போகாமலே நாங்கள் திரும்பிவிட்டோம்.

4

அன்று பொழுது சாயும் நேரத்தில் தங்கை வீட்டு மொட்டை மாடியில் விவாதம் நடந்தது. எங்கள் சங்கத்தில் நடப்பது போன்ற விவாதம் இல்லை. இதில் தோற்றால் போவது ஒரு பிள்ளையின் படிப்பு.

தங்கை கணவர் சேகர் கரண்ட் ஆபீசில் வேலை செய்கிறார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"நானும் கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சவன்தான் மச்சான். இண்டர்வியூல இங்கிலீஷ்ல கேள்வி கேட்டப்ப வாயத் தொறக்க முடியாம எந்திரிச்சி வந்தவன். எம்பொண்ணுக்கு அது வேணாம்னுதான் வேன்ல அனுப்பறேன். இவ ஸ்கூல்ல அஞ்சு கிளாசுக்கு மூணு டீச்சர். அதுல ஒருத்தர் எப்பவும் எலெக்ஷன் வேலை, கணக்கெடுப்பு வேலைன்னு வெளிய. ரெண்டு கிளாச ஒரே ரூம்ல போட்டு நடத்தறாங்க. இதெல்லாம் எனக்கு யாரு சொன்னது? இவதான் தெனம் வந்து பொலம்பறா. அங்க கொண்டுபோய் சேக்கணுங்கறா இப்ப."

"அந்தப் புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறது நான்தான்," என்றாள் வளர்மதி. "நான் நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறேன். அதுங்களுக்குப் போதும்னா நம்ம புள்ளைக்கு மட்டும் ஏன் பத்தல?"

"நம்ம புள்ளைய வச்சி சோதன பண்ணாத."

"மத்தவங்க புள்ளைய வச்சி பண்ணிக்கினுதான இருக்கோம்."

சேகர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மச்சான். உங்க ஊர்ல எல்லாரும் கவர்மெண்டு ஸ்கூலுக்கு மனசோடதான் அனுப்பறாங்களா?"

வழக்கமான என் பெருமைப் பேச்சு வாய்வரை வந்தது. ஆனால் மாயா அங்கேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரில் பொய் சொல்ல முடியாது. "மனசோடன்னு சொல்ல முடியாது மாப்ள," என்றேன். "விலாசம் எங்க இருக்கோ அங்க போறாங்க. வசதி இருக்கறவன் நல்ல ஸ்கூல் இருக்கற தெருவாப் பாத்து வீடு எடுக்கறான். சில பேரு அத்தை வீட்டு கரண்டு பில்லக் கொண்டாந்து காட்டறான். எங்க தெருவுக்கு உள்ள ஸ்கூலும் அப்டி ஒண்ணும் பேர் போனதில்ல. நாங்க அனுப்பறோம். வேற வழி இல்லாததால அனுப்பறோம்."

சேகர் தலையை ஆட்டினார். "எனக்கு வழி இருக்கு. அதான் பிரச்சன."

கீழே வைத்திருந்த தட்டில் வெற்றிலை சுருள ஆரம்பித்திருந்தது. மாயா என்னிடம் மெல்ல, இவர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். பள்ளிக்கூடத்துக்காக என்றேன். பள்ளிக்கூடம் என்ன தப்புச் செய்தது என்றாள்.

5

நான் கிளம்புவதற்கு முன்னால் வளர்மதி யாழினியைத் தன் பள்ளியில் சேர்த்துவிட்டாள். சேகர் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து மனைவியோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். குழந்தை கேட்டது ஒன்றுதான். "வேன் வராதாம்மா?" வராது என்றதும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்துவிட்டது. கொள்கை, சீர்திருத்தம் என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் ஒரு குழந்தைக்கு வேன் வராமல் போவதில் வந்து நிற்கிறது.

மறுபடி அதே வரிசை வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை தட்டை யாழினி தூக்கிக்கொண்டு வந்தாள், புதுச் சீருடை கழுத்தை உறுத்த. செல்வி குழந்தையையும் சீருடையையும் பார்த்தாள். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள், ஒரு கல்கண்டை எடுத்து யாழினி வாயில் போட்டாள்.

"நான் கேட்டத மனசுல வச்சிக்கினீங்களா டீச்சர்?"

"இல்ல செல்வி. கேட்டது சரிதான்."

"யோசிச்சி சொல்றேன்," என்றாள். மறுவாரம் ஹரிணி சேர்ந்துவிட்டாள். செல்வி சொல்லி அந்த வரிசையிலேயே இன்னும் சில பிள்ளைகள் வந்தன. எல்லா வீடும் வரவில்லை. ஆனாலும் இந்த வருடத்துக்கு இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நான் பிரான்சுக்குத் திரும்பி, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தியைப் போட்டேன். கை தட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அப்படியென்றால் போர்டு வேண்டுமா வேண்டாமா என்று ஒருவர் கேட்டார்.

6

ஜூலையில் வளர்மதிக்கு மாற்றல் வந்தது.

யாரும் பழிவாங்கவில்லை. ஒரே இடத்தில் பல வருடம் இருந்தவர்களை மாற்றும் வழக்கமான உத்தரவு, அதில் அவள் பெயரும் இருந்தது. பாகூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி. விடிந்ததும் பஸ் பிடித்தால்தான் மணி அடிப்பதற்குள் போய்ச் சேரமுடியும். அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. முதல் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் சேர்த்துவிட்டார்கள்.

நான் கடைசி நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்திவிட்டு காபி குடித்துக்கொண்டிருந்தபோது அழைத்தாள். எங்கள் அம்மா போன அன்றைக்குக்கூட அவள் குரல் அவ்வளவு உடைந்து நான் கேட்டதில்லை.

"நான் இருக்கறேன்னு நம்பித்தாண்ணா அவளக் கொண்டாந்து சேத்தேன். இப்ப நான் இல்ல. நான் இல்லாத அந்த கிளாஸ் எப்டி இருக்கும்னு எனக்கில்லாம யாருக்குத் தெரியும்? அவரு இப்பவே பழைய ஸ்கூல்ல எடம் கேட்டு வச்சிட்டாரு. நீ இல்லாத எடத்துல அவ எதுக்குன்றாரு. அதுவும் நாயம்தான?"

"புது டீச்சர் போடுவாங்க வளரு," என்றேன். சொல்லும்போதே அந்தச் சொல் எவ்வளவு உப்புச்சப்பில்லாதது என்று தெரிந்தது.

"போட்டாதாண்ணா தெரியும். செல்வி மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? நம்ம புள்ளைய எடுத்துக்கினு போயிட்டா, தட்டக் கொண்டுபோய் அவ வீட்ல நீட்டுனனே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்ததை வளர்மதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வியே அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. சேகர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாத்தலாயிட்டீங்கன்னு சொன்னாங்க டீச்சர். பாப்பாவ இன்னா பண்ணப் போறீங்க?"

வளர்மதி உண்மையைச் சொல்லியிருக்கிறாள். காலையில் அழைத்துப் போக ஆளில்லை, அந்த வகுப்புக்கு டீச்சரும் இல்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று.

"டீச்சர் இல்லாதது ஹரிணிக்குந்தான்," என்றாளாம் செல்வி. "உங்க பாப்பாவ நீங்க எடுத்துக்கினா எங்களால இன்னா கேக்க முடியும்? எங்க பேச்ச எந்த ஆபீஸ்ல யாரு கேப்பாங்க? பாப்பா அங்க இருந்தா சார் போய்க் கேப்பாரு. அவருக்குக் கேக்கத் தெரியும். காலைல கூட்டிக்கினு போறது எம்பொறுப்பு. நான் ஷிப்டுக்குப் போற வழிதான்."

சேகர் துடைப்பதை நிறுத்தவில்லையாம். உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டு, தனியார் பள்ளிக்குப் போன் செய்து அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு தோழி சொல்லித்தான் வளர்மதிக்குத் தெரிந்தது.

7

இதுதான் இன்று காலை வந்த படத்தின் கதை. புது டீச்சர் இன்னும் வரவில்லை. யாழினிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகம் குறைந்திருக்கிறது என்று வளர்மதி கவலைப்படுகிறாள். வேலை முடிந்து வந்து, களைப்போடு, யாழினியையும் ஹரிணியையும் எதிரில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறாள். செய்தது சரியா தப்பா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தன் பிள்ளையைப் பணயம் வைக்காமல் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது எவ்வளவு சுலபம் என்று மட்டும் எனக்குப் புரிந்திருக்கிறது. அடுத்த பொங்கலுக்குச் சங்கத்தில் விவாதம் தொடங்கும்போது நான் பாயசத்தை ஆறுவதற்குள் குடித்துவிடுவேன்.

பள்ளி வாசலில் கூட்டம் கலைந்துவிட்டது. கதவைச் சாத்தினார்கள். நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹரிணி தலையில் ரிப்பன், யாழினி முதுகில் பழைய தனியார் பள்ளிப் பை, அதன் மேல் அச்சடித்த பெயரைக் கறுப்பு மையால் அழித்திருக்கிறார்கள். வளர்மதி அந்நேரம் பாகூர் பஸ்ஸில் இருந்திருப்பாள். அப்படியானால் இதை எடுத்தது யார் என்று யோசித்தேன். படத்தின் கீழ் ஓரத்தில், தெருவில், ஒரு நிழல் நீண்டு கிடந்தது. தலையில் ஹெல்மெட், அக்குளில் ஒரு கவர்.

தங்கைக்கு எழுதிக் கேட்டேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம் போல, உடனே குரல் பதிவு வந்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"அவருதாண்ணா எடுத்து எனக்கு அனுப்புனாரு. வண்டிய வீட்லயே வுட்டுட்டு, ஹெல்மெட்டக் கூட கழட்ட மறந்து, அதுங்க பின்னாலயே நடந்து போயிருக்காரு. ஆபீசுக்கு லீவு போட்டுட்டாராம். புள்ளைங்கள உள்ள வுட்டுட்டு நேரா கல்வித் துறை ஆபீசுக்குப் போயி குந்திக்கினு இருக்காரு. இன்னா சார் வேணும்னு கேட்டாங்களாம். எம்பொண்ணு கிளாசுக்கு டீச்சர் வேணும்னாராம்."